மேஸ்திரி எண்ணிய ஒன்பது

கல்குவாரியில் மேஸ்திரி பன்னிரண்டு மணி என்றால் பன்னிரண்டு மணிதான். நிழல் எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் சரி, கைக்கடிகாரம் கட்டியவன் அதைத் திருப்பி வைத்துக்கொள்வான்.

நான் அங்கே நாலு வருடம் கம்ப்ரஸர் ஓட்டினேன். பாறையில் குழி போடும் கருவிக்குக் காற்று அனுப்புகிற இயந்திரம் அது. அது ஓடும்போது பக்கத்தில் ஆள் கத்தினாலும் காதில் விழாது. வெடி வைக்கிற நேரத்தில் மட்டும் நிறுத்தச் சொல்வார்கள். அப்போது குவாரி முழுக்க ஓர் அமைதி வரும். இருபது ஆட்கள் லாரிக்கு அடியிலும் கற்குவியலுக்குப் பின்னாலும் குந்திக்கொண்டு, காது அடைக்காமலிருக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்போம். அந்த அமைதியில்தான் எண்ண வேண்டும்.

எத்தனை குழியில் வெடிமருந்து அடைத்துத் திரி கொளுத்தினோமோ அத்தனை வேட்டுக் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தால் ஒரு குழி உள்ளே உயிரோடு இருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடித்துச் செயலிழக்கச் செய்யும்வரை அந்தப் பாறையில் ஒருவரும் கால் வைக்கக் கூடாது. எண்ணுவது மேஸ்திரியின் வேலை. மற்றவர்களும் எண்ணலாம், வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

இருபத்தாறு வருடம் வேட்டுச் சத்தத்தின் பக்கத்திலேயே நின்றவர் மேஸ்திரி. அவருக்கு இடது காது முழுசாகவும் வலது காது முக்காலாகவும் போய்விட்டது என்பது குவாரியில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. தெரியாமலிருக்க அவர் நிறைய உழைத்தார். யார் என்ன சொன்னாலும் "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். நாங்களும் அவரிடம் பேசும்போது தொண்டை நரம்பு புடைக்கப் பேசப் பழகியிருந்தோம். அதிகாரத்தில் இருப்பவனுக்கு இது ஒரு வசதி. அவன் காது மந்தமானால் ஊரே உரக்கப் பேச ஆரம்பித்துவிடும், அவன் தன் காது நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

அவர் வீட்டின் பின்பக்கத்து அறையில்தான் நான் குடியிருந்தேன். சாப்பாடும் அங்கேயே. தகரக் கூரை போட்ட நீள வீடு. நடுவில் பலகைத் தடுப்பு. ஒரு பக்கம் மேஸ்திரியும் அவர் மனைவியும். மறுபக்கம் அவருடைய தம்பியும் தம்பி மனைவியும். சமையலறை இரண்டு பக்கத்துக்கும் பொது. தம்பியைச் சின்னவர் என்றுதான் குவாரியில் கூப்பிடுவோம். குழி போடுகிற வேலை அவருக்கு. அண்ணனுக்கும் தம்பிக்கும் பதினாலு வயது வித்தியாசம். தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர் மேஸ்திரி. அதை அவர் மறந்ததில்லை. தம்பியை மறக்க விட்டதும் இல்லை.

அண்ணி, அதாவது மேஸ்திரியின் மனைவி, அவர் முன்னால் வந்து நின்று முகத்துக்கு முகம் பார்த்துத்தான் பேசுவாள். வாயசைவைப் பார்த்து அவர் பாதி புரிந்துகொள்வார். மீதியை அவராகவே முடிவு செய்துகொள்வார். ஒருநாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றபடி, "முட்டை ஒண்ணு போடவா, ரெண்டு போடவா?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒரு வாரத்துக்கு மழை கிடையாது" என்றார் அவர்.

"ஆமாங்க, கிடையாது" என்று இரண்டு முட்டை போட்டாள் அண்ணி. தடுப்புக்கு அந்தப் பக்கம் சின்னவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்த வீட்டில் அப்படியெல்லாம் சிரித்துக்கொண்டு இருந்தோம்.

அந்த வருடக் கோடையில் கல் தொட்டால் கை பொத்துப்போகும். தூசி காற்றில் எழுந்தால் இறங்காது. குடிதண்ணீர்க் கேனுக்கு ஈரச் சாக்குச் சுற்றி வைத்தாலும் டீ மாதிரிதான் குடிப்போம். மேல் தட்டுப் பாறையில் ஒன்பது குழி போட்டிருந்தார் சின்னவர். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் வெடி. மேஸ்திரி ஒவ்வொரு திரியாகக் கொளுத்திவிட்டு, ஓடாமல், நடந்தே வந்து லாரிக்குப் பின்னால் நின்றார். குந்தமாட்டார்.

வெடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலும் ஐந்தும் ஒட்டி வந்தன. ஆறு. ஏழு. கொஞ்சம் இடைவெளி விட்டு எட்டு. சின்னக் கற்கள் லாரியின் மேல் சடசடவென்று கொட்டின. நான் காத்திருந்தேன். தூசி மெல்ல எங்கள் பக்கம் வந்தது. ஒன்பதாவது வரவில்லை.

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஒன்பது. சாப்பிட்டுட்டு ஏறுங்க."

சின்னவர் கற்குவியலுக்குப் பின்னாலிருந்து எழுந்தார். "அண்ணே, எட்டுதான்."

"என்னது?"

"எட்டுதான் வெடிச்சுது. ஒண்ணு நிக்குது."

"ஒன்பதுடா. நாலாவதும் அஞ்சாவதும் சேர்ந்து வந்துச்சு. உனக்கு ஒண்ணாத் தெரிஞ்சிருக்கும்."

"அதையும் ரெண்டாத்தான் எண்ணினேன். அதோட சேர்த்துத்தான் எட்டு."

மேஸ்திரி சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்களுக்குத் தெரியும். "சரி, எல்லாரையும் கேட்டுருவோம். ஏய், எத்தனைப்பா?"

கல் உடைக்கிறவன் "ஒன்பது" என்றான். லாரி டிரைவர் "ஒன்பதுதானே" என்றான். ஒருவன் பின்னால் ஒருவனாக இருபது பேரும் ஒன்பது என்றார்கள். பாறை எட்டு வேட்டுத்தான் போட்டது. ஒன்பதாவதை நாங்கள் வாயால் போட்டோம்.

கடைசியில் என்னிடம் வந்தார். "மிஷினை நிறுத்திட்டுச் சும்மா உக்காந்திருந்தவன் நீ. நீ சொல்லு."

சின்னவர் என்னைப் பார்த்தார். முந்தின நாள் மாலை அவரும் நானும் ஒரே தட்டில் ரொட்டி பிய்த்துச் சாப்பிட்டிருந்தோம்.

"ஒன்பதுண்ணே" என்றேன்.

"கேட்டுக்கிட்டியா?" என்றார் மேஸ்திரி தம்பியிடம்.

சின்னவர் அண்ணனுக்கு நேர் எதிரே வந்து நின்றார். பிறகு, அண்ணனை வாழ்நாள் முழுக்க 'நீங்க' என்றே பேசிய மனிதர், அன்று முதல் முறையாக மாற்றிப் பேசினார். "உனக்குக் காது கேக்கல. உனக்குக் காது கேக்கலைன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லமாட்டான். நான் சொல்றேன். உனக்குக் காது செத்துப் பத்து வருசமாச்சு."

இதை அவர் கத்தித்தான் சொன்னார். அதனால் மேஸ்திரிக்கு நன்றாகவே கேட்டது.

முதல் அறை கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது வாயில். சின்னவரின் உதடு கிழிந்து தாடையில் ரத்தம் வழிந்தது. மேஸ்திரி குனிந்து, குழியில் மருந்து இறுக்குகிற மரக்கழியை எடுத்தார். ஆள் உயரத்துக் கழி. அதை இரண்டு கையாலும் பிடித்துத் தம்பியின் முதுகில் போட்டார். துணி மூட்டையில் அடித்த மாதிரி ஒரு சத்தம். சின்னவர் ஓடவில்லை. திருப்பி அடிக்கவும் இல்லை. மேல் தட்டுக்கு ஏறுகிற பாதையின் வாசலில் போய்க் கையை விரித்து நின்றுகொண்டார்.

"யாரும் ஏறக் கூடாது" என்றார்.

அடுத்த அடி தோளில். அதற்கடுத்தது முழங்காலில். அவர் சாய்ந்து, ஒரு கையை ஊன்றி, மறுபடி எழுந்து நின்றார். "ஏறக் கூடாது." மேஸ்திரிக்கு மூச்சு வாங்கியது. அடிக்கிறவர் களைத்துப் போனார், அடி வாங்குகிறவர் களைக்கவில்லை. அதுதான் மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. காதுப் பக்கமாக வீசினார். அந்த அடியைச் சின்னவர் கையால் பிடித்து, கழியைப் பிடுங்கி, பாறையில் ஓங்கி அடித்து இரண்டாக முறித்துப் போட்டார். முறிந்த துண்டு தெறித்து மேஸ்திரியின் நெற்றியைக் கீறிவிட்டது.

இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவனும் நகரவில்லை. முறிந்ததும்தான் நாலு பேர் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். தம்பியை.

அன்று வேலை நின்றது. வெயில் இறங்குகிற நேரத்தில் நான் வீட்டுக்குப் போனபோது அண்ணி தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஒரே சட்டித் தண்ணீர். அதில் ஒரு சொம்பை எடுத்துப் போய்க் கணவனின் நெற்றியைத் துடைத்தாள். இன்னொரு சொம்பைத் தம்பி மனைவி எடுத்துப் போனாள். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்னவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது கேட்டது. மேஸ்திரிக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருந்தால் அந்த மாலை வேறு மாதிரி முடிந்திருக்குமோ என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

அண்ணி அவர் முன்னால் உட்கார்ந்தாள். சோற்றைத் தட்டில் போட்டு வைத்தாள். பேச ஆரம்பித்தாள்.

"ஏங்க, எத்தனைங்க வெடிச்சுது?"

"ஒன்பது."

"நீங்க சொன்னது ஒன்பது. அது எனக்குத் தெரியும். உங்க காதுல விழுந்தது எத்தனை?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியாம நீங்க என்ன வச்சிருக்கீங்க. பத்து வருசமா நான்தான் உங்களுக்கு எதிர்ல வந்து நின்னு பேசறேன். ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்களேன். பாறை எங்கயும் ஓடிப் போகாது. பாத்துட்டு வந்தா என்ன குறைஞ்சிடும்?"

"பாக்கப் போனாலே எட்டுன்னு நான் ஒத்துக்கிட்ட மாதிரி."

"எட்டுன்னா எட்டுன்னு சொல்லிட்டுப் போங்களேன். எட்டு என்ன கெட்ட வார்த்தையா?"

"இருவது பேருக்கு முன்னால சொன்னேன்டி."

"இருவது பேருக்கு உயிர் இருக்குதுங்க. உங்க தம்பிக்கும் இருக்குது. உங்க பேச்சை விட அது சின்னதாப் போச்சா?"

தட்டு எழும்பிப் போய்ச் சுவரில் மோதியது. சோறு அவள் தலையில், தோளில், தரையில். அடுத்து அவர் கை எழும்பியது. அண்ணி அந்த அடியைக் கண்ணை மூடாமல் வாங்கினாள். பிறகு தலைமுடியில் ஒட்டியிருந்த சோற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டபடி, மெதுவாக, அவருக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "எட்டுதான்."

அவர் வாயசைவைப் பார்த்துவிட்டார்.

எழுந்து நேராகத் தடுப்பின் கதவை உதைத்தார். கொண்டி தெறித்தது. "வெளிய போடா. என் வீட்டுல எட்டுன்னு எண்ணுறவனுக்கு இடம் கிடையாது." தம்பியின் கட்டிலைப் பிடித்து, அதில் படுத்திருந்த ஆளோடு சேர்த்து வாசலுக்கு இழுத்தார். சின்னவர் உருண்டு தரையில் விழுந்தார். அடிபட்ட முழங்கால் தரையில் மோதியதும் ஒரு சத்தம் போட்டார். நான் நடுவில் போனேன். என்னை ஒரே தள்ளில் பாத்திர அலமாரியின் மேல் சாய்த்தார் மேஸ்திரி. தட்டுகளும் தம்ளர்களும் என் மேல் கொட்டின.

சின்னவர் மனைவி சின்ன உருவம். யாரிடமும் அதிர்ந்து பேசாதவள். அடுப்படிக்குப் போய் எரிந்துகொண்டிருந்த விறகுக் கட்டையை உருவிக்கொண்டு வந்தாள். மேஸ்திரியின் தோளில் ஓங்கி அடித்தாள். நெருப்புப் பொறி பறந்தது. அவர் திரும்பியதும் மறுபடி ஓங்கினாள்.

"இன்னொரு அடி அவர் மேல விழுந்தா உங்களைக் கொளுத்திடுவேன் மாமா. நான் செய்வேன்."

சட்டையில் புகை வந்துகொண்டிருந்தது. அண்ணி ஓடிவந்து கையாலேயே அதை அணைத்தாள். மேஸ்திரி தம்பி மனைவியைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். ஒரு பெண் தன்னை அடித்தாள் என்பதைவிட, அதை வாடகைக்கு இருக்கிறவன் பார்த்துவிட்டான் என்பதுதான் அவரைக் குத்தியது என்று அவர் என் பக்கம் திரும்பிய விதத்தில் தெரிந்தது. மேல் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் குவாரியில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். தோளில் மருந்து தடவிய துணி. நெற்றியில் பிளாஸ்திரி. ஒரு தம்ளர் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு தனியாக மேல் தட்டுக்கு ஏறினார். எல்லோரும் பார்க்க அங்கே இங்கே நடந்தார். காலால் ஓங்கி ஓங்கி மிதித்தார். பிறகு நடுவில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு டீயைக் குடித்தார். காலி தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பகல்பூராவும் மேல் தட்டின் ஒரு ஓரத்தில் வேலை நடந்தது. முதலாளி ஜீப்பில் வந்தார். "ஒரு மேஸ்திரின்னா இப்படி இருக்கணும்" என்று தோளைத் தட்டினார், தீப்பட்ட தோளை. மேஸ்திரி முகம் சுளிக்கவில்லை. ஒரு மனிதன் தவறு செய்துவிட்டு உடனே அடி வாங்கினால் திருந்த வழி உண்டு. இவருக்கு முதலில் கைதட்டல் கிடைத்துவிட்டது.

மாலையில் சின்னவர் என் அறைக்கு நொண்டிக்கொண்டு வந்தார். வாய் வீங்கி, பேச்சு குழறியது.

"மிஷின்காரரே, நாளைக்கு மேல் தட்டு நடுவுல ஆள் விடறாங்களாமே?"

"ஆமா. கடப்பாரை போட்டுப் புரட்டச் சொல்லியிருக்காரு."

"அங்கதான் நிக்குது அது. வலப்பக்கத்திலேருந்து மூணாவது குழி. நான் போட்ட குழி எனக்குத் தெரியாதா? மண்ணுக்கடியில் கிடக்கும். மிதிச்சா வெடிக்காது. கடப்பாரை இறங்கினா அவ்வளவுதான்."

"முதலாளிகிட்ட சொல்லிப் பாக்கலாமே."

"மத்தியானமே போன்ல சொல்லிட்டேன். அண்ணன்கிட்ட கேட்டுக்கிட்டாராம். அண்ணன் ஒன்பதுன்னு சொல்லிட்டாராம்." கிழிந்த உதட்டால் சிரிக்க முயன்றார். "நாளைக்குக் காலைல அவர் வெடிமருந்து எடுத்துட்டு வரப் போவாரு. அந்த நேரத்துல நான் ஏறி, கையால மண்ணைத் தள்ளி, திரியைக் கண்டுபிடிச்சு எல்லாருக்கும் காட்டிடறேன். தண்ணி ஊத்தி நனைச்சிட்டா பாதி பயம் போயிடும். நீங்க கீழ நில்லுங்க. அவர் வந்தா அவரை மேல விடாதீங்க. பேச்சுக் குடுத்து நிறுத்தி வைங்க. இது ஒண்ணுதான் கேக்கறேன்."

"நிறுத்தறேன்" என்றேன்.

"அன்னைக்கு நீங்க எத்தனை எண்ணினீங்க?"

"எட்டு."

"தெரியும்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை வானம் மூடியிருந்தது, புழுக்கம் தாங்கவில்லை. சின்னவர் ஒரு தண்ணீர்க் கேனும் ஒரு மரக் குச்சியுமாக மேலே ஏறினார். ஆட்களெல்லாம் அவர் சொன்னபடி தள்ளி நின்றுகொண்டார்கள். பயமாகத்தான் இருந்தது எல்லோருக்கும், முந்தின நாள் கை தட்டினவர்களுக்கும். குழந்தைக்குத் தலை வாருகிற மாதிரி அவர் உடைந்த கல்லை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தார். அரை மணி நேரம் கழித்து எழுந்து நின்று கையை உயர்த்தினார். முழ நீளத்துக்கு ஒரு கருகின திரி அவர் காலடியில் நீட்டிக்கொண்டிருந்தது. கீழேயிருந்தே தெரிந்தது.

அந்த நேரத்தில் மேஸ்திரி வந்துவிட்டார். மருந்துக் கிடங்கு பூட்டியிருந்ததாம், பாதியில் திரும்பிவிட்டார்.

"மேல எவன்டா?" என்று என்னைக் கேட்டார்.

பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைப்பதாகச் சொன்னவன் நான். வழியை மறித்திருக்கலாம். காலைப் பிடித்திருக்கலாம். நான் செய்தது என்னவென்றால், உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றேன். நாலு வருடமாக அவரைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பழகிய கால். அது தானாக எழுந்து வழியையும் விட்டுவிட்டது.

அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஏறினார். நான் பின்னால் ஓடினேன், பாதி தூரம்வரை.

"அண்ணே, வாங்க. வந்து நீங்களே பாருங்க" என்று கூப்பிட்டார் சின்னவர். குரலில் கோபம் இல்லை. மறுபடி 'நீங்க' ஆகிவிட்டது என்று எனக்குள் ஓடியது. "திரி பாதியில் அணைஞ்சு போயிருக்கு. உங்க தப்பு இல்லண்ணே. திரியில ஈரம். யாருக்கு வேணும்னாலும் நடக்கும். தண்ணி ஊத்திட்டேன். இன்னும் ஊறணும்."

மேஸ்திரி குனிந்து பார்த்தார். நன்றாகப் பார்த்தார். அவருக்குக் காதுதான் போயிருந்தது, கண் கூர்மை. கறுத்த அந்தத் திரியை ஒரு நிமிடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடத்தில் அவர் முகம் தளர்ந்ததை நான் பார்த்தேன். தோளில் போட்டு வளர்த்த பிள்ளையைப் பார்க்கிற முகமாக அது ஆகிக்கொண்டிருந்தது. அவர் அப்படியே விட்டிருப்பார். சத்தியமாகச் சொல்கிறேன், விட்டிருப்பார்.

கீழே யாரோ சிரித்தான். என்னத்துக்கோ சிரித்தான். பயம் விலகின சிரிப்பாகவும் இருக்கலாம். அந்தச் சிரிப்பு மேஸ்திரிக்குக் கேட்டிருக்க வழியே இல்லை. ஆனால் அவர் தலை திரும்பியது. கீழே இருபது முகங்கள் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். அதில் ஒரு முகத்தில் பல் தெரிந்தது.

"இது போன மாசத் திரிடா" என்றார் உரக்க, கீழே இருப்பவர்களுக்காக. "பழைய குழியிலேருந்து பறந்து வந்து விழுந்த துண்டு. உள்ள ஒண்ணும் கிடையாது. பாக்கறியா?"

"அண்ணே, வேணாம்."

"உள்ள வெறும் மண்ணுதான். பாரு."

கடப்பாரையை ஓங்கிக் குழியில் இறக்கினார். ஒன்றும் ஆகவில்லை. கீழே திரும்பிப் பார்த்தார். மறுபடி ஓங்கினார். சின்னவர் பாய்ந்து, குழிக்கு மேல் குனிந்து, இரண்டு கையாலும் கடப்பாரையைக் கட்டிப் பிடித்தார். அவர் உடம்பு அண்ணனுக்கும் குழிக்கும் நடுவில் வந்தது.

ஒன்பதாவதை எல்லோரும் கேட்டோம்.

என்னைத் தூக்கிப் பாதையில் எறிந்தது. கண்ணைத் திறந்தபோது புகையும், கல் மழையும், வாய் நிறைய மண்ணும். மேலே ஏறிப் பார்த்தேன். சின்னவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சாக்கு கொண்டு வரச் சொன்னார்கள், நாலு சாக்கு. மேஸ்திரி பத்தடி தள்ளிக் கிடந்தார். வலது கை மணிக்கட்டோடு இல்லை. முகம் முழுக்கக் கல் துகள் பதிந்து கருஞ்சிவப்பாக இருந்தது. உயிர் இருந்தது. தம்பியின் உடம்பு வாங்கிக்கொண்டதால் மிஞ்சின உயிர்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கம்ப்ரஸர் நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தார். அன்றைக்கு எத்தனை வேட்டுக் கேட்டது என்று கேட்டார். கல் உடைக்கிறவன் "எட்டு" என்றான். லாரி டிரைவர் "எட்டுதான் சார், அப்பவே சொன்னோம்" என்றான். இருபது பேரும் எட்டு. முதலாளி தனக்கு முதலிலிருந்தே சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். நானும் எட்டு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மேஸ்திரி ஒருவர்தான் அகங்காரம் பிடித்தவர் என்று அந்தக் காகிதத்தில் முடிவாயிற்று. அதைப் படித்துக் காட்டியபோது எங்கள் இருபது பேருக்கும் பெரிய நிம்மதி. எங்கள் பங்கையும் அவர் ஒருவரே சுமந்துகொண்டு போய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

அவரைப் பதினேழாவது நாள் பார்க்கப் போனேன். பொது வார்டில் ஜன்னலோரக் கட்டில். இரண்டு கண்ணிலும் கட்டு. பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிச்சமிருந்த கால் காதும் போய்விட்டது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் சோற்றுக் கரைசலை ஊட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பூன் உதட்டில் பட்டால் வாயைத் திறப்பார், எடுத்தால் மூடுவார்.

"இன்னும் அவருக்குத் தெரியாது" என்றாள் அண்ணி. "எப்படிச் சொல்றது? கண்ணு இல்ல, வாயசைச்சா பாக்கறதுக்கு. காது இல்ல. எழுத்தும் தெரியாது, உள்ளங்கையில எழுதிக் காட்ட. தினம் கேக்கறாரு."

அவர் பேசினார். தன் குரல் தனக்கே கேட்காததால் வார்டே திரும்பிப் பார்க்கும்படி பேசினார்.

"அவன் வந்தானா?"

அண்ணி ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"வெக்கப்பட்டுக்கிட்டு வராம இருப்பான். எனக்குத் தெரியும் அவனை. எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லு. பெரியவன் நான்தானே, நான்தான் விட்டுக் குடுக்கணும். மன்னிச்சிட்டேன்னு போய்ச் சொல்லு அவன்கிட்ட."

வார்டின் மறு கோடியிலிருந்து சின்னவர் மனைவி வந்துகொண்டிருந்தாள். அண்ணிக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். தினமும் அவள்தான் கொண்டு வருகிறாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தூக்குப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்று அவர் பேசியதைக் கேட்டாள்.

அண்ணி எழுந்தாள். "நீ போயிடும்மா. இதையெல்லாம் நீ கேக்க வேணாம்."

"இல்லக்கா" என்றாள் அவள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மேஸ்திரியின் இடது கையை எடுத்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் நனைந்திருந்தது.

மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. "வந்துட்டியாடா" என்றார். "அழாத. என்னடா இது, பொம்பளை மாதிரி. அதான் விட்டுட்டேன்னு சொல்றேனே." கட்டைவிரலால் கண்ணீரைத் துடைத்தார். கை கன்னத்திலிருந்து மேலே போனது, தலையைக் கோத; சின்ன வயதில் அப்படித்தான் கோதியிருப்பார். விரல்கள் பின்னலுக்குள் போயின. நின்றன. மெதுவாகத் திரும்பி வந்து காதைத் தொட்டன. காதுத் தோட்டைத் தொட்டன. அங்கேயே அசையாமல் கொஞ்ச நேரம் இருந்தன.

"அம்மாடி, நீயா" என்றார். முதல் முறையாகக் குரல் தணிந்திருந்தது. "அவன் எங்கம்மா? வெளிய நிக்கறானா?"

அவள் அவர் உள்ளங்கையை மறுபடி கன்னத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அந்தக் கைக்குள்ளேயே தலையை இடமும் வலமுமாக ஒரு தடவை ஆட்டினாள். அவர் புரியாத மாதிரி காத்திருந்தார். மறுபடி ஆட்டினாள்.

தன் வாழ்நாளில் யாரும் 'இல்லை' என்று சொல்லக் கேட்டிராத மனிதர், அதைக் கையால் வாங்கிக்கொண்டார். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவள் கையை விடவில்லை.